சத்தத்தை ஏற்றாதே, மகனே

அன்புள்ள மகனுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன். உன் மனைவிக்குக்கூட வேண்டாம், உயிர் நண்பனுக்கும் வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. நீ இன்னும் பிறக்கவில்லை. நானே இன்னும் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கவில்லை. இருந்தாலும் உன்னை மகனே என்று கூப்பிட எனக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது. வெளியூரில் வேலைக்குப் போன மகனுக்குத் தாய் எழுதுவது போல ஒரு கடிதம் எழுதி வரும்படி எங்கள் தமிழ் மிஸ் வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். என் அப்பா இதைப் பிடுங்கினாலும் மேலே இருக்கிற 'அன்புள்ள மகனுக்கு' என்பதைப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்துவிடுவார். இரண்டாவது வரியைப் படிக்கிற பொறுமை அவருக்குக் கிடையாது. மிஸ்ஸுக்குக் காட்ட, நேரத்துக்குச் சாப்பிடு, வண்டியை மெதுவாக ஓட்டு என்று ஒன்றை நாளைக்கு எழுதிக்கொள்வேன், நாளைக்கு நான் இருந்தால். இது உனக்கு.

நான் உட்கார்ந்திருக்கிற இடத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டு முன்னறை. வாசல் கதவைத் தாழ் போட்டு, அதற்கு முட்டாகப் பெரிய பேஸ் ஸ்பீக்கர் பாக்ஸை நகர்த்தி வைத்து, அந்தப் பாக்ஸில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். அதை நகர்த்த இரண்டு ஆம்பளை வேண்டும் என்பார் அப்பா. இன்றைக்கு நான் ஒருத்தியே தள்ளினேன். கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்து நிற்கிறது. டார்ச்சின் மேல் துண்டைச் சுற்றி, அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். உள்ளறையில் அம்மா படுத்திருக்கிறாள். வலது கையில் மாவுக்கட்டு. உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் ஒரு சின்ன முனகல் வருகிறது. அது வருகிற வரைக்கும் எனக்குத் தைரியம்.

அப்பா மைக்செட் வைத்திருக்கிறார். திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகிற சாலையில், ஏரிக்கரை ஓரத்துத் தெரு எங்களுடையது. கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம் எதுவாக இருந்தாலும் சுற்றுவட்டாரத்தில் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து 'நூறு வயசு' என்று குரல் வரும். அப்படிப்பட்ட தெருவில் ஒரு மனுஷன் தன் பொண்டாட்டியை இத்தனை வருஷமாக எப்படி அடிக்க முடிந்தது என்று நீ கேட்பாய். அவர் வாசல் கதவைச் சாத்துவார். மைக் கேபிளைக் கையில் சுற்றுவார். பிறகு என்னைப் பார்த்து, "சவுண்ட ஏத்து" என்பார். நான் ஏற்றுவேன்.

ஆமாம், நான்தான். சின்னப் பிள்ளையிலிருந்து வால்யூம் குமிழைத் திருப்புவது என் வேலை. முதலில் அதை ஒரு விளையாட்டு என்றுகூட நினைத்திருந்தேன். அப்பா நம்பி என்னிடம் ஒரு வேலை கொடுக்கிறார் என்று பெருமை வேறு. சாமிப் பாட்டு போட்டு ஏற்றினால் ஜன்னல் கம்பி அதிரும். அந்த அதிர்வுக்குள் அம்மாவின் வாய் திறந்து திறந்து மூடும், சத்தம் மட்டும் வராது. தெருவில் எல்லாருக்கும் 'டெஸ்டிங்' என்று பெயர் சொல்லி வைத்திருந்தார். ஒரு நாள் எதிர்வீட்டு மல்லிகா அக்கா வாசலில் நின்று கத்தினாள், "அண்ணாத்த, பாட்டு சூப்பரா கீது. பசங்களுக்குப் பரீட்ச, கொஞ்சம் கொறச்சுக்கோ." அப்பா கதவை ஒரு சாண் திறந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "டெஸ்டிங் மல்லிகா. தோ முடிஞ்சுது" என்றார். கேபிள் கையில்தான் இருந்தது. அதில் அம்மாவின் முடி இரண்டு சுற்றியிருந்தது. மல்லிகா அக்கா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "சரி சரி, ஆவட்டும்" என்று உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டு டிவியின் சத்தம் ஏறியது. பக்கத்து வீட்டு டிவியும் ஏறியது. எங்கள் தெருவில் அது ஒரு மரியாதை மாதிரி. ஒரு வீட்டில் அடி விழுந்தால் மற்ற வீடுகளில் டிவியை ஏற்றிவிடுவார்கள். கேட்காதது போல இருந்துவிடலாம் அல்லவா? இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட எங்கள் கதவைத் தட்டியதில்லை. அப்பாவும் தட்டமாட்டார். காலால்தான் உதைப்பார்.

இனி அந்தப் பாட்டுக்கு வருகிறேன். முட்டுக்காடு தாண்டி மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் கச்சேரி. பாடுவது, தானே எழுதித் தானே மெட்டமைத்துப் பாடுகிற ஒரு பெண். விருதெல்லாம் வாங்கியவர், பேப்பரில் படம் வரும் ஆள். கூடுதல் ஸ்பீக்கருக்கு அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். லோடு ஏற்றுகிற ஆள் வராததால் என்னைக் கூட்டிப்போனார். ஒயர் இழுக்க எனக்குத் தெரியும். அந்தம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்தோடு வெட்டிய நரைமுடி, கசங்கிய பருத்திப் புடவை. ஸ்பீக்கரைச் சரிபார்க்க ஒரு பென்டிரைவ் கொடுத்தார். அது அவருடைய புது ஆல்பம், 'பொதுச்சுவர்' என்று பெயர். அப்பா போட்டார். டப்பா உருளுவது போல ஒரு சத்தம், பிறகு பெருமூச்சு. "இன்னா மேடம், பென்டிரைவ்ல வைரஸ் பூந்துகீதா?" என்றார் அப்பா. அந்தம்மா சிரித்தார். "இல்லண்ணே, பாட்டே அப்படித்தான். ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு இரைச்சல் வருது பாருங்க, அது என்னோடது இல்ல." அப்பா, "அது கடலு மேடம்" என்றார். "கடல் விட்டு விட்டுக் கேக்கும். இது விடாம கேக்குது. உங்க ஆம்ப்ளிபயருக்கு எர்த் கொடுக்கல." சுற்றியிருந்த ரிசார்ட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அப்பாவும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் கதவு சாத்தப்படும்.

திரும்பும்போது நெம்மேலி உப்பங்கழிச் சாலையில், நட்டநடுவில் வண்டியை நிறுத்தினார். "எர்த்து ஒயரு மாட்டச் சொன்னா இன்னாடி புடுங்கிக்கினு இருந்த?" என்று என் இடது காதோடு சேர்த்து அறைந்தார். தலை கண்ணாடியில் மோதியது. அறைந்த கை வலித்ததால் இன்னொரு கையாலும் அறைந்தார். அன்றிலிருந்து என் இடது காதில் ங்ங் என்று ஒரு சத்தம் விடாமல் ஓடுகிறது. வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்தினார். மீதி அம்மாவுக்குக் கிடைத்தது. நான் சவுண்டை ஏற்றினேன்.

அடுத்த நாள் அவர் சட்டையை ஊறவைக்கப் போன அம்மா, பையில் அவர் பாடகியிடம் திருப்பித் தராத பென்டிரைவ் இருப்பதைப் பார்த்து எடுத்துவந்தாள். உதடு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. "பாப்பா, அந்தாளு வரதுக்குள்ள நீ கேளு. விருது வாங்குன பொம்பள இன்னாதான் பாடிக்கீதுன்னு பாத்து சொல்லு" என்றாள். சவுண்டு மிக்சரில் செருகி, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்தேன். மகனே, எத்தனையோ வருஷம் சத்தத்துக்கு நடுவிலேயே வளர்ந்தவள் நான். ஆனால் ஒரு பாட்டை உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் பாட்டு என்றால் எதையாவது மூடுவதற்குப் போடுவது.

மொத்தம் ஐந்து பாட்டு. முதல் பாட்டில் மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம். ஒரு உளி கல்லில் படுகிறது. டிங். நெடுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு பத்து, நூறு, கடைசியில் மழை பெய்வது போல. அதற்கு மேல் அந்தம்மா வார்த்தையே இல்லாமல் மூச்சை மட்டும் இழுத்து விடுகிறார். இரண்டாவதில் படகு மோட்டார், நண்டு விற்கிறவள் ஒருத்தியின் கூவல். அந்தக் கூவலைப் பிடித்துக்கொண்டே பாடுகிறார். ஆனால் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்கமாட்டார். 'நீ வந்தால்' என்பார், நின்றுவிடுவார். எனக்கு எரிச்சலாக வந்தது. இது பாட்டா, அப்பா சொன்னது சரிதானோ என்றுகூட நினைத்தேன். இடது காது சரியாகக் கேட்காததால் வலது பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது முடிந்து நான்காவது ஆரம்பித்தது.

அதில் முதலில் ஒரு டிவி. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற டிவி, யாரோ ஜோக்கு சொல்ல நிறையப் பேர் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான் இருக்கிறது என்று நினைத்தேன். கூர்ந்து கேட்டபோது சிரிப்புக்கு அடியில் பொத் என்று ஒரு சத்தம், மாவுமூட்டை விழுந்தது போல. உடனே டிவியின் ஒலி ஒரு படி ஏறுகிறது. மறுபடி பொத். மறுபடி டிவி ஏறுகிறது. இரண்டாவது டிவி ஒன்று சேருகிறது, அப்புறம் ஒரு ரேடியோ, ஒரு மிக்ஸி. அடிக்கிற சத்தம் தேய்ந்துகொண்டே போகிறது, சிரிப்பு வளர்ந்துகொண்டே போகிறது. அடியில் இருப்பதைத் தவறவிடக் கூடாது என்று நான் வால்யூமை ஏற்றினேன், ஏற்ற ஏற்ற அது இன்னும் அடியில் போனது. என் கை குமிழில் இருந்தது. அந்தக் கை செய்வது எனக்கே புரிந்து, சுட்டது போல எடுத்துவிட்டேன். அப்போது எல்லாம் ஒரே வெட்டில் நின்றது. ஒரு பெண் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. அதற்கப்புறம் அந்தம்மா மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிப் பாடினார். 'எனக்குக் கேட்டது. உனக்கு?' பாட்டு முழுக்க அந்த ஒரு வரிதான். திரும்பத் திரும்ப அதையே கேட்டார். பதில் சொல்லாமல் அங்கிருந்து எழுந்திருக்க முடியவில்லை. கேட்டது, கேட்டது என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அம்மாவைக் கூப்பிட்டு ஹெட்செட்டை அவள் தலையில் மாட்டினேன். கையில் கரண்டியோடு நின்றபடியே கேட்டாள். நான்காவது பாட்டில் கண் பெரிதாகிக்கொண்டே போனது. கழற்றிவிட்டு, "இது நம்ம வூடு பாப்பா. யாரு வந்து எடுத்துக்கினு போனா?" என்றாள். இல்லைம்மா, வேறு எங்கோ எடுத்தது என்றேன். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "அப்ப எல்லா ஊர்லயும் கீதா?" என்றாள். பிறகு தானே ஹெட்செட்டை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "இன்னொரு வாட்டி போடு" என்றாள்.

அந்த இன்னொரு வாட்டியில்தான் அப்பா வந்தார். மறந்துபோன ஒயரை எடுக்க வந்திருந்தார். கதவு உதைபட்டதை நான் கேட்டேன். ஹெட்செட் மாட்டியிருந்த அம்மா கேட்கவில்லை. அவர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றதையும், மைக் ஸ்டாண்டின் இரும்புக் கம்பியை உருவியதையும் பார்த்து "அம்மா" என்று அலறினேன். அவள் அந்தப் பாட்டுக்குள் இருந்தாள், மகனே. அவள் முகம் அப்போது அவ்வளவு அமைதியாக இருந்தது. கம்பி அவள் முழங்கைக்கு மேலே இறங்கியது. பச்சைக் கரும்பை ஒடிக்கிற சத்தம் கேட்டது. விழுந்தவளை விலாவில் மிதித்தார். "என் செட்டுல எவளோ பாட்ற கச்சடாவ கேட்டுக்கினு கீறியா?" என்றார். கதவைச் சாத்தினார். என்னைப் பார்த்தார். "சவுண்ட ஏத்து."

ஏற்றினேன். ஆனால் அன்றைக்கு இன்னொன்றும் செய்தேன். மேசையில் கிடந்த மைக்கை ஆன் செய்து, அதன் சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாமல் பென்டிரைவில் மட்டும் பதிவாகும்படி செய்தேன். தொழில் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். வெளியே தெருவுக்குச் சாமிப் பாட்டு போனது. உள்ளே அவர் குரல் பதிவானது. "மாரியாத்தாளுக்குக் கூழ் ஊத்தற வரைக்கும்தான் உனுக்கு டைம். அது முடிஞ்ச ராவு உன்ன ஏரில எறக்கிட்றேன். கால் வழுக்கி வுழுந்துட்டான்னு சொன்னா எவன் கேப்பான்?" பிறகு அம்மாவின் குரல். அதை உனக்கு எழுத மாட்டேன். பென்டிரைவில் ஐந்து பாட்டு இருந்தது, இப்போது ஆறு.

ஆஸ்பத்திரியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக அம்மா சொன்னாள். அப்பா பக்கத்தில் இளநீரைக் கையில் பிடித்தபடி நின்றார். கட்டுப் போட்ட நர்ஸம்மா கையில் இருந்த கம்பித் தடத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க வூட்டு பாத்ரூம்ல கம்பி எங்கம்மா கீது? சொல்லு, எய்திக்கறேன்" என்று கேட்டார். அம்மா கட்டுப் போட்ட கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் ஏன் சொல்லவில்லை என்று நான் சண்டை போட்டேன். "சொல்லிட்டு எங்க போவ பாப்பா? என் அம்மா வூட்லயும் இதே டிவிதான ஓடுது" என்றாள்.

நாளைக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். அதனால் இன்றைக்குச் சாயங்காலம் தெரு முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள். நிஜமான டெஸ்டிங். அப்பா கம்பத்துக்குக் கம்பம் போய் நின்று கையை ஆட்டுவார், நான் வீட்டிலிருந்து பாட்டை ஓட்ட வேண்டும். அவர் ஏரிக்கரையில் இருக்கிற கடைசிக் கம்பத்துக்குப் போகிற வரைக்கும் காத்திருந்தேன். நாளைக்கு ராத்திரி அம்மா அந்த ஏரியில் கிடப்பாள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும், அவர் சொன்னதைச் செய்கிறவர். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். ஆறாவது பாட்டை வைத்தேன். ஏற்றினேன். அவர் சொல்லாமல் தெருவுக்கு நான் ஏற்றிய ஒரே சத்தம் அதுதான்.

தெரு முழுக்க அவர் குரல். ஏரில எறக்கிட்றேன், ஏரில எறக்கிட்றேன் என்று ஒவ்வொரு கம்பமும் சொன்னது. அப்புறம் அம்மாவின் குரல். வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏணியிலேயே நின்றுவிட்டார்கள். கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்த மல்லிகா அக்கா சல்லடையைக் கீழே போட்டாள். எல்லாரும் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார்கள், எங்கள் வாசலை யாரும் பார்க்கவில்லை. அப்பா லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஒயரைப் பிடுங்கினார். வாசலில் நின்று தெருவைப் பார்த்துச் சிரித்தார், ரிசார்ட்டில் சிரித்த அதே சிரிப்பு. "நாடகத்து வசனம்பா! கூத்து செட்டு குட்த்தது, பொண்ணு தெரியாம போட்டுட்சு." ஏணியில் இருந்த ஒருவர், "சோக்கா நட்ச்சிக்கீறான்பா" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் உள்ளே போனார்கள். ஒவ்வொரு வீடாக டிவி ஏறியது. அவ்வளவுதான் மகனே. எனக்கு உயிரே போய்விட்டது.

பென்டிரைவைக் காலால் நசுக்கினார். அம்மாவின் போனை எடுத்துச் சட்டையில் போட்டுக்கொண்டார். என் கேட்காத காதில் வாயை வைத்து, "கூழு நாளிக்கு. உங்க ரெண்டு பேருக்கும் இன்னிக்கே" என்றார். அந்தக் காதில் அது மட்டும் தெளிவாகக் கேட்டது. அதற்குள் கோயிலிலிருந்து சவுண்டு வரவில்லை என்று ஆட்கள் வந்தார்கள். அப்பா அவர்களோடு போயிருக்கிறார். அங்கே குடித்துக்கொண்டிருப்பார். வேலை முடிந்ததும் வருவார்.

வீட்டுப்பாடத்தில் அறிவுரை இருக்க வேண்டும் என்று மிஸ் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உனக்கு என் அப்பாவின் தோளும் கையும் வரலாம், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. உனக்குக் கோபம் வந்தால் முதலில் டிவியை நிறுத்து. அப்புறம் வாசல் கதவைத் திறந்து வை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என் அப்பா ஒரு தடவைகூட அடித்ததில்லை. பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் உன் வீட்டுச் சத்தத்தை ஏற்றாதே. போய்க் கதவைத் தட்டு. நியாயம் கேட்கத் தைரியம் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஒரு கொத்து கறிவேப்பிலை கேள், மோருக்கு உறை கேள். அடிக்கிற கை கதவைத் திறக்க வரும் அல்லவா, அந்த நேரத்துக்கு உள்ளே ஒருத்தி மூச்சு விட்டுக்கொள்வாள். ஒருவேளை நான் உன்னைப் பெறாமலே போனால், உன்னைப் பெற்ற வேறு யாராவது

இரு. எதிர்வீட்டு டிவி நின்றுவிட்டது.

தூங்கப் போயிருப்பார்கள். இல்லை, பக்கத்து வீட்டிலும் நிற்கிறது. அதற்கு அடுத்ததும். வலது காதைச் சுவரில் வைத்துக் கேட்கிறேன். தெருவில் ஒரு டிவிகூட ஓடவில்லை. இந்தத் தெருவை இவ்வளவு அமைதியாக நான் கேட்டதே இல்லை. ஏரித் தவளை கேட்கிறது. அம்மாவின் முனகல் கேட்கிறது, அது இப்போது சுவரைத் தாண்டிப் போகும். தெருமுனையில் அப்பாவின் வண்டி வருகிறது. நின்றது. வண்டிக் கதவை அறைந்து சாத்துகிறார். யாரோ அவரிடம் ஏதோ சொல்கிறார்கள். அவர் கத்துகிறார், "வழிய வுடு, என் வூட்டு விசயம்." செருப்புச் சத்தம், நிறையச் செருப்பு. எங்கள் வாசல் படியில் ஏறுகிறார்கள். அம்மா, எழுந்திரும்மா.

கதவைத் தட்டுகிறார்கள். பாக்ஸ் வழியாக என் முதுகில் தெரிகிறது. மகனே, இது உதை இல்லை. விரலை மடக்கி